முதலில் கணக்கு, பிறகு படம்: தரவுப் பகுப்பாய்வுத் தொழில் பற்றி வாசகர் கேள்வி பதில்

தரவுப் பகுப்பாய்வு, டாஷ்போர்ட் (முக்கிய எண்களையும் வரைபடங்களையும் ஒரே திரையில் காட்டும் பக்கம்) வேலை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். கொழும்பு வாசகர்களின் கடிதங்களில் ஒத்தவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறோம். சில பதில்கள் நீண்டுவிட்டன. வேலையில் பலரும் தடுக்கி விழும் இடங்கள் அவைதான்.

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தேன். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் கணக்கு உதவியாளராக இருக்கிறேன். டேட்டா அனலிஸ்ட் ஆக விருப்பம். கணினிப் பட்டம் எதுவும் இல்லை. பைதன் என்ற கணினி மொழி வகுப்பில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

பைதனைப் பிறகு பார்க்கலாம். தொடக்கநிலை வேலையில் முதல் நாளே உங்கள் கைக்கு வரப்போவது எக்செல் கோப்புதான். அடுத்து தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.கியூ.எல்., அதற்கடுத்து டாஷ்போர்ட் செய்யும் மென்பொருளான பவர் பிஐ. இந்த ஒழுங்கிலேயே போங்கள். வேலை முடிந்து வந்து நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால், மூன்றையும் வேலைக்கு உதவும் அளவில் கற்றுக்கொள்ள ஆறு முதல் எட்டு மாதம் எடுக்கும்.

எக்செல்லில் சூத்திரங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தரவை வைக்கும் முறைதான் முதல் பாடம். ஒரு நிரையில் (ரோ) ஒரு கொடுக்கல்வாங்கல், ஒரு நிரலில் (கொலம்) ஒரே வகைத் தகவல், தலைப்பு ஒரே நிரையில். மேர்ஜ் செய்த செல் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று மாதங்கள் பக்கவாட்டில் ஓடும் அட்டவணை கண்ணுக்கு வசதி, கணக்குக்குத் தொல்லை. தரவைச் சுத்தம் செய்து இணைக்கும் கருவியான பவர் குவெரியில் 'அன்பிவட்' செய்து அதை நீட்டு வாக்கில் மாற்றப் பழகுங்கள். எக்செல் 2016 முதல் பவர் குவெரி உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டாம். இந்தக் கட்டம் முடிந்ததா என்று பார்க்க ஒரு பரீட்சை: பன்னிரண்டு மாத விற்பனைக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு ஒரே அட்டவணையாக இணையுங்கள். பதின்மூன்றாவது கோப்பை அதே ஃபோல்டரில் போட்டு 'ரிஃப்ரெஷ்' அழுத்தும்போது வேறெதையும் தொடாமல் பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) சரியாக மாறினால், அடுத்ததற்குப் போகலாம்.

எக்செல்லின் எல்லையையும் தெரிந்து வைத்திருங்கள். ஒரு ஷீட்டில் 1,048,576 நிரைகள்தான் கொள்ளும். பழைய எக்ஸ்.எல்.எஸ். வகைக் கோப்பில் 65,536 மட்டுமே. 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வகைக் கோப்பைப் பயன்படுத்தியதால், 15,841 கோவிட் தொற்றாளர்களின் விபரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போனது. கோப்பு நிறைந்ததும் மிச்சம் சத்தமின்றி வெட்டுப்பட்டதே காரணம். இணைத்து முடித்ததும் நிரைகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் இதனால்தான் வேண்டும்.

எஸ்.கியூ.எல். கற்க எஸ்.கியூ.லைட் அல்லது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் போதும், இரண்டும் இலவசம். செலக்ட் (SELECT), வேர் (WHERE), குரூப் பை (GROUP BY) ஆகிய கட்டளைகள் இரண்டு வாரத்தில் வந்துவிடும். காலம் எடுப்பது ஜாயின், அதாவது இரண்டு அட்டவணைகளை இணைப்பது. அதில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது, தொகை பெருகிப் போவது. ஒரு பில்லில் 500 ரூபா கழிவு, நான்கு பொருட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் அட்டவணையைப் பொருள் அட்டவணையோடு இணைத்துக் கழிவைக் கூட்டினால் 2,000 ரூபா வரும், ஏனென்றால் கழிவு நான்கு நிரைகளிலும் படிந்துவிட்டது. பொருட்களைப் பில் வாரியாக முதலில் கூட்டி, பிறகு இணைக்க வேண்டும். இரண்டாவது, இடப்பக்க அட்டவணையின் எல்லா நிரைகளையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு வலப்பக்க அட்டவணையின் நிரலுக்கு 'வேர்' பகுதியில் நிபந்தனை வைப்பது. விற்பனையே இல்லாத வாடிக்கையாளர்கள் அப்போது பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்கள். அந்த நிபந்தனையை 'ஒன்' (ON) பகுதிக்குக் கொண்டுபோனால் சரியாகும்.

பவர் பிஐயில் படம் வரைவதற்கு முன் ஸ்டார் ஸ்கீமாவைப் புரிந்துகொள்ளுங்கள். நடுவில் விற்பனை அட்டவணை, சுற்றிவரப் பொருள், வாடிக்கையாளர், கிளை, திகதி அட்டவணைகள். திகதிக்குத் தனி அட்டவணை கட்டாயம். அதில் ஒரு நாளும் விடுபடக்கூடாது, விடுமுறை நாட்களும் இருக்க வேண்டும். உங்கள் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிந்தால், ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டும் சூத்திரத்துக்கு ஆண்டு முடியும் நாளைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது ஜனவரியிலிருந்தே கூட்டும்.

உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. கிரெடிட் நோட் என்றால் என்ன, திருப்பி வந்த சரக்கு எந்தக் கணக்கில் விழும், கடன்பட்டோர் நிலுவையை எப்படி 30, 60, 90 நாளாகப் பிரிப்பது என்பதெல்லாம் கணினி மட்டும் படித்தவர்கள் வேலையில் சேர்ந்த பிறகே கற்கிறார்கள். உங்களிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன. முதலாளியிடம் அனுமதி கேட்டு, வாடிக்கையாளர் பெயர்களை மாற்றி, நிலையத்தின் விற்பனைத் தரவிலேயே பழகுங்கள்.

கேள்வி: பவர் பிஐயா, டேப்லோவா, லுக்கர் ஸ்டூடியோவா? என்னிடம் மெக் லெப்டொப் இருக்கிறது. (வாசகர், தெஹிவளை)

கொழும்பு வேலைக்கு பவர் பிஐ. மைக்ரோசொஃப்ட் மென்பொருளில் ஓடும் அலுவலகங்கள் அதிகம் என்பதே காரணம். ஆனால் பவர் பிஐ டெஸ்க்டொப் விண்டோஸில் மட்டும்தான் நேரடியாக இயங்கும். 8 ஜிபி ரம் உள்ள ஒரு பாவித்த விண்டோஸ் மெஷின் பழகப் போதும், 16 இருந்தால் நிம்மதி. டெஸ்க்டொப் இலவசம். ஆன்லைனில் ஏற்ற அலுவலக அல்லது கல்வி நிறுவன மின்னஞ்சல் கேட்கும், ஜிமெயிலை ஏற்காது. சக ஊழியர்களோடு பகிர்வதற்குக் கட்டண உரிமம் வேண்டும்.

மெக்கில் இன்றே தொடங்க விரும்பினால் டேப்லோ பப்ளிக். இலவசம்தான், ஆனால் அதில் பதிப்பிப்பதை ஊரே பார்க்கலாம். அலுவலகத் தரவை ஒருபோதும் அதில் ஏற்றாதீர்கள். பவர் பிஐயில் 'பப்ளிஷ் டு வெப்' என்ற பொத்தானும் இதே ஆபத்துதான்: இணைப்பு கிடைத்த எவரும் கடவுச்சொல் இல்லாமல் திறக்கலாம். லுக்கர் ஸ்டூடியோ கூகுள் ஷீட்ஸோடு சின்ன வேலைகளுக்கு நல்லது. ஒன்றை நன்றாகக் கற்றால் மற்றதற்கு மாறச் சில வாரங்களே எடுக்கும்.

கேள்வி: இரண்டு மாதம் உழைத்து விற்பனை டாஷ்போர்ட் செய்தேன். கூட்டத்தில் கணக்குப் பிரிவு முகாமையாளர், "எங்கள் எண்ணும் இதுவும் பொருந்தவில்லை" என்றார். அதோடு ஒருவரும் அதைத் திறப்பதில்லை. எங்கே பிழைத்தது? (வாசகர், வெள்ளவத்தை)

உங்கள் சூத்திரம் பிழை என்று உடனே முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலும் இரண்டு எண்ணும் தத்தம் அளவில் சரியாக இருக்கும், 'விற்பனை' என்பதற்கு இரண்டு பிரிவும் வைத்திருக்கும் வரைவிலக்கணம்தான் வேறாக இருக்கும். இந்தத் தொழிலில் மிக முக்கியமான வேலை அந்த வரைவிலக்கணத்தை எழுத்தில் நிறுத்துவது. படம் வரைய ஆரம்பிக்கும் முன்பே அது நடந்திருக்க வேண்டும்.

வித்தியாசத்தைத் தேடும் முறை இது. ஒரே மாதம், ஒரே கிளை எடுங்கள். கணக்குப் பிரிவிடம் அந்த மாதத்துக்கான பில் வாரியான பட்டியலைக் கேளுங்கள், மொத்தத்தை மட்டும் கேட்காதீர்கள். பில் இலக்கத்தை வைத்து இரு பட்டியலையும் பவர் குவெரியில் 'ஃபுல் அவுட்டர்' முறையில் இணையுங்கள். மூன்று கூட்டம் பிரியும்: உங்களிடம் மட்டும் இருப்பவை, அவர்களிடம் மட்டும் இருப்பவை, இரண்டிலும் இருந்து தொகை மாறுபவை. ஒவ்வொரு கூட்டத்திலும் பத்துப் பில்களைக் கையால் பார்த்தாலே காரணம் வெளிச்சமாகிவிடும்.

வழக்கமாக அகப்படும் காரணங்களில் முதலில் பார்க்க வேண்டியது வற் வரி. உங்கள் எண் வரியோடு, அவர்கள் எண் வரி நீக்கி. இது மொத்தத்தை மட்டுமல்ல, போக்கையும் கெடுக்கும். 2024 ஜனவரி 1இல் வற் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் அதே பொருளை அதே அளவில் விற்றாலும் 115 ரூபா 118 ஆகி, 2.6 வீத வளர்ச்சி என்று டாஷ்போர்ட் காட்டும். அப்படி ஒரு வளர்ச்சி நடக்கவேயில்லை. அடுத்தது திகதி: நீங்கள் பில் போட்ட நாளை எடுத்திருப்பீர்கள், அவர்கள் கணக்கில் பதிந்த நாளை. மாதக் கடைசி மூன்று நாள் பில்கள்தான் அப்போது இடம் மாறி நிற்கும். பிறகு, ரத்தான பில்களும் திரும்பி வந்த சரக்கும். சில மென்பொருளில் திரும்பியவை மறை எண்ணாக வரும், சிலதில் நேர் எண்ணாக வந்து தனி நிரலில் 'ரிட்டர்ன்' என்று குறித்திருக்கும். அதைக் கவனிக்காமல் கூட்டினால் கழிய வேண்டியது கூடிவிடும். ஏற்றுமதி இருந்தால் நாணய மாற்று வீதம். 2022 மார்ச் முதல் மே வரை டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த ஆண்டின் பில்களை எல்லாம் ஒரே வீதத்தில் மாற்றியிருந்தால் எந்த மாதமும் பொருந்தாது.

இலாப வீதத்திலும் ஒரு பொறி உண்டு. ஒரு கிளையில் 80 இலட்சம் விற்பனை, 8 இலட்சம் இலாபம், அதாவது 10 வீதம். இன்னொன்றில் 20 இலட்சம் விற்பனை, 6 இலட்சம் இலாபம், 30 வீதம். இரண்டு வீதத்தின் சராசரி 20. உண்மையான வீதம் 100 இலட்சத்துக்கு 14 இலட்சம், அதாவது 14. வீதங்களை நிரலாகச் செய்து சராசரி எடுத்தால் இந்தப் பிழை தப்பாமல் வரும். மெஷராக, அதாவது காட்டும்போதே கணக்கிடும் சூத்திரமாக எழுதி, மொத்த இலாபத்தை மொத்த விற்பனையால் வகுக்க வேண்டும்.

காரணம் தெரிந்ததும் டாஷ்போர்ட்டில் கடைசிப் பக்கம் ஒன்று சேருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த அட்டவணை, எந்தத் திகதி, வரி உண்டா இல்லையா, எது சேரவில்லை, யார் ஒப்புக்கொண்டது, எப்போது என்று எழுதுங்கள். பிறகு அந்த முகாமையாளரிடமே தனியாகப் போய் மூன்று மாத எண்களை ஒப்பிட்டுக் காட்டுங்கள். கூட்டத்தில் அவர் "இப்போது சரி" என்று சொல்வது வேறு எந்த அலங்காரத்தையும்விட உங்கள் வேலைக்கு உதவும்.

கேள்வி: யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டிக் கிளைகளிலிருந்து தரவு வருகிறது. தமிழ்ப் பெயர்கள் குப்பையாகத் தெரிகின்றன, அடையாள அட்டை இலக்கங்கள் கெட்டுப்போகின்றன, திகதிகளும் குழம்புகின்றன. (வாசகி, மருதானை)

ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. உள்ளே சேமித்திருப்பதே ஆங்கில எழுத்துகள், எழுத்துரு போட்டால்தான் தமிழ்போலத் தோன்றும். யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்ற வேண்டும். அதே செல்லில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிக் கெடுத்துவிடும், ஆகவே அவற்றை முதலில் பிரித்தெடுங்கள். விசித்திரக் குறிகளாகத் தெரிந்தால் அது யூனிகோடுதான், ஆனால் சி.எஸ்.வி. கோப்பை (தகவல்களைக் காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) இரட்டைக் கிளிக்கில் திறந்திருக்கிறீர்கள். 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்' வழியாகக் கொண்டுவந்து, குறியாக்கமாக 65001, அதாவது யூ.டி.எஃப்-8, தெரிவு செய்யுங்கள்.

இன்னொரு சூட்சுமம். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம், முன்பாதி பின்பாதி என இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இணைக்கும்போது 'கொழும்பு' 'கொழும்பு'டன் பொருந்தாது. இரட்டைக் குறிகளை ஒற்றையாக மாற்றும் படி ஒன்றை பவர் குவெரியில் ஒருமுறை எழுதிவைத்தால் தீரும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளும் இப்படித்தான். எக்செல்லின் 'ட்ரிம்' சாதாரண இடைவெளியை மட்டும் வெட்டும், இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய 160ஆம் இலக்க இடைவெளி அப்படியே இருக்கும். அதை 'ரிப்ளேஸ்' செய்ய வேண்டும்.

புதிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கம் கொண்டது. எக்செல் அதை எண் என்று எடுத்து அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டும். அப்படித் தெரியும்போதே சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை. 077 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியமும் இப்படித்தான் தொலைகிறது. கூட்டிக் கழிக்காத இலக்கம் எதுவானாலும் உள்ளே எடுக்கும்போதே 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள்.

பழைய அட்டை 9 இலக்கமும் ஓர் எழுத்தும். ஒரே ஆள் இரண்டு வடிவிலும் பதிந்திருப்பார், ஆகவே பழையதைப் புதியதாக்கி ஒப்பிடுங்கள்: எழுத்தை நீக்கி, முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கம், பிறகு ஒரு 0, பிறகு மீதி நான்கு. பிழை பிடிக்கவும் இந்த இலக்கம் உதவும். பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1 முதல் 366, அல்லது 501 முதல் 866 என்பதற்கு வெளியே வந்தால் யாரோ தவறாக அடித்திருக்கிறார்கள். அட்டை இலக்கம் தனிப்பட்ட தகவல் என்பதையும் மறக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் உண்டு. ஒப்பிட்டு முடித்ததும் அந்த நிரலை நீக்கிவிடுங்கள், டாஷ்போர்ட் வரை கொண்டுபோகத் தேவையில்லை.

திகதிதான் மோசமான எதிரி, ஏனென்றால் பிழையைக் காட்டாது. கணினி அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் 05/06/2025 என்ற ஜூன் 5, மே 6 ஆகிவிடும். 13/06/2025ஐ மாற்ற முடியாமல் எழுத்தாகவே விட்டுவிடும். பன்னிரண்டாம் திகதிக்குள் வரும் நாட்கள் எல்லாம் இடம் மாறி, மற்றவை காணாமல் போகும். பவர் குவெரியில் 'சேஞ்ச் டைப்' பட்டியலின் அடியில் உள்ள 'யூசிங் லொக்கேல்' சென்று, ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தைத் தெரிவு செய்யுங்கள். பிறகு மாதத்துக்கு எத்தனை நிரை என்று எண்ணுங்கள். இன்னும் வராத மாதத்தில் விற்பனை இருந்தால் திகதி புரண்டிருக்கிறது.

திருகோணமலை, ட்ரிங்கோ, திருமலை என்று ஊர்ப்பெயர் பலவாறு வருவதற்கு, ஏறத்தாழ ஒத்த சொற்களைத் தானே பொருத்தும் 'ஃபஸி மேர்ஜ்' சரிவராது, தவறாகப் பொருத்தினால் தெரியவே தெரியாது. 25 மாவட்டம்தானே. வந்த எழுத்து வடிவங்களை ஒரு நிரலிலும் சரியான பெயரை அடுத்த நிரலிலும் வைத்து ஓர் அட்டவணை செய்யுங்கள். புதிய வடிவம் வந்தால் பொருந்தாமல் வெறுமையாக நிற்கும், அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பணிப்பாளர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கேட்கிறார். இப்போது பதினெட்டு வரைபடங்கள் இருக்கின்றன, வட்ட வரைபடமும் கேஜும் (வேகமானி போன்ற படம்) இலங்கை வரைபடமும் வேண்டும் என்கிறார். (வாசகர், பம்பலப்பிட்டி)

அவரிடம் எந்தப் படம் வேண்டும் என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை காலை இதைப் பார்த்து என்ன முடிவெடுப்பீர்கள் என்று கேளுங்கள். மூன்று நான்கு முடிவுதான் வரும். முதற்பக்கத்தில் அவற்றுக்கு வேண்டியவை மட்டும் இருக்கட்டும், மற்றவை அழுத்தினால் திறக்கும் உட்பக்கங்களுக்குப் போகட்டும். பதினெட்டு வரைபடம் இருந்தால் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் பதினெட்டுக் கணக்குகள் ஓடும். மெதுவாவதற்கு முதற்காரணம் அதுவே.

வட்ட வரைபடம் பற்றி: வில்லியம் கிளீவ்லண்ட், ரொபர்ட் மெக்கில் இருவரும் 1984இல் செய்த பரிசோதனைகளில், ஒரே அடிக்கோட்டிலிருந்து நிற்கும் நீளங்களை மனிதர் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள், கோணத்தையும் பரப்பையும் அப்படி ஒப்பிட முடிவதில்லை என்று காட்டினார்கள். ஐந்து கிளைகளை ஒப்பிடப் பட்டை வரைபடமே போதும், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பட்டையின் அச்சு 0இல் தொடங்க வேண்டும். 95க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்தை 90இலிருந்து வரைந்தால் ஒன்று மற்றதைப்போல இரட்டிப்பாகத் தெரியும்.

இலங்கை வரைபடம் அழகாக இருக்கும், ஆனால் தவறாகப் பேசும். அனுராதபுர மாவட்டம் 7,179 சதுர கிலோமீற்றர், கொழும்பு 699. விற்பனையில் பாதி கொழும்பில் நடந்தாலும் கண் அனுராதபுரத்தின் நிறத்தில்தான் நிற்கும். மாவட்டப் பட்டை வரைபடத்தை முதலில் வையுங்கள், இலங்கை வரைபடம் கேட்டால் உட்பக்கத்தில் கொடுங்கள்.

நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு என்று மட்டும் வைத்தால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். நீலமும் செம்மஞ்சளும் வையுங்கள், கூடவே ஏறுமுக, இறங்குமுக அம்புக்குறி. மில்லியனா இலட்சமா என்பதை ஒன்றாகத் தீர்மானித்து எல்லாப் பக்கத்திலும் அதையே எழுதுங்கள்.

கேள்வி: டாஷ்போர்ட் தானாகப் புதுப்பிக்கவில்லை. சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை. (வாசகர், கிருலப்பனை)

உங்கள் தரவு அலுவலகச் சேர்வரில் இருந்தால், அதை ஆன்லைன் பவர் பிஐக்கு எடுத்துச் செல்லும் கேட்வே என்ற மென்பொருள் இடையில் வேண்டும். அதை யாரோ ஒருவரின் லெப்டொப்பில் நிறுவியிருக்கிறார்கள் என்பது எங்கள் ஊகம். அவர் லெப்டொப்பை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் புதுப்பித்தல் நின்றுவிடும். எப்போதும் இயங்கும் மெஷினில் நிறுவுங்கள். தரவுத்தளக் கடவுச்சொல் மாறும்போதும் அறுந்துபோகும், ஆகவே தனி ஆளின் கணக்கில் இணைக்காமல் இதற்கென்று ஒரு கணக்கு கேளுங்கள். தொடர்ந்து நான்கு தடவை தோற்றால் பவர் பிஐ புதுப்பிக்கும் நேர அட்டவணையையே நிறுத்திவிடும், பிறகு நீங்கள்தான் மீண்டும் இயக்க வேண்டும். புரோ உரிமத்தில் நாளுக்கு 8 தடவைதான் அட்டவணையிட முடியும். பக்கத்தின் மேல் மூலையில் 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' என்று ஒரு வரி வையுங்கள். பழைய எண்ணைப் புதியது என்று நம்பி எடுக்கும் முடிவுதான் உண்மையான நட்டம்.

கேள்வி: வேலை தேடும்போது காட்டச் செய்முறை வேலைகள் வேண்டும் என்கிறார்கள். எந்தத் தரவை எடுப்பது? (வாசகி, தெமட்டகொடை)

எல்லாரும் இணையத்தில் கிடைக்கும் அதே அமெரிக்கக் கடைத் தரவை எடுக்கிறார்கள். நேர்முகத்துக்கு இருப்பவருக்கு அது அலுத்துப்போயிருக்கும். நம் நாட்டுத் தரவை எடுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், மத்திய வங்கி, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை மூன்றும் தொடர்ந்து வெளியிடுகின்றன. நன்றாகச் செய்த இரண்டு போதும், பத்து வேண்டாம்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் நல்ல பொருள், ஏனென்றால் அதில் உங்கள் அறிவைக் காட்ட இடமிருக்கிறது. 2023இல் அதன் அடிப்படை ஆண்டு, அதாவது சுட்டெண்ணை 100 என்று வைக்கும் ஆண்டு, 2013இலிருந்து 2021க்கு மாறியது. இரண்டு தொடரையும் அப்படியே ஒட்டினால் ஒரு மாதத்தில் விலைகள் சரிந்து விழுந்ததுபோல் கோடு கீழே பாயும். இரண்டு அடிப்படையிலும் வெளியான மாதம் ஒன்றின் விகிதத்தைக் கண்டு பழைய தொடரைப் பெருக்கி இணையுங்கள், அப்படிச் செய்ததைக் குறிப்பாக எழுதுங்கள். 2022 செப்ரெம்பரில் பழைய அடிப்படையில் பணவீக்கம் 69.8 வீதம். அடுத்த செப்ரெம்பரில் புதிய அடிப்படையில் 1.3 வீதம். வீதத்தை மட்டும் வரைந்தால் விலை பழையபடி இறங்கிவிட்டதாக வாசிப்பவர் நினைப்பார். உண்மையில் 100 ரூபாச் சாமான் ஏறத்தாழ 170 ஆகி அங்கேயே நின்றது. சுட்டெண்ணையும் வீதத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டினால் இது புரியும்.

சுற்றுலாப் பயணிகள் வருகையிலும் ஒப்பிடும் ஆண்டுதான் கதை. 2024இல் 2,053,465 பேர் வந்தார்கள். முந்திய ஆண்டோடு பார்த்தால் நல்ல ஏற்றம், 2018இன் 2,333,796 உடன் பார்த்தால் 12 வீதம் குறைவு. இரண்டையும் காட்டுங்கள். 2019 ஏப்ரல் (உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்), 2020 மார்ச் (கோவிட்) இரண்டையும் கோட்டின் மேலேயே சொல்லால் குறியுங்கள்.

கேள்வி: சான்றிதழ் அவசியமா? (வாசகர், மட்டக்குளி)

அவசியமில்லை, பட்டம் இல்லாதவருக்கு உதவும். மைக்ரோசொஃப்டின் பி.எல்-300 பரீட்சை பவர் பிஐக்கு உரியது, 1,000க்கு 700 எடுத்தால் சித்தி. ஆண்டுக்கு ஒருமுறை இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பக் குவியலிலிருந்து உங்கள் சிவியை மேலே எடுக்க அது பயன்படும். வேலையை வாங்கித் தருவது செய்முறை வேலைதான், ஆகவே அதை முடித்துவிட்டுப் பரீட்சைக்குப் போங்கள்.

கேள்வி: எஸ்.கியூ.எல். எல்லாம் இப்போது சட்ஜிபிடியே எழுதுகிறதே. இதைப் படிப்பதில் பிரயோசனம் உண்டா? (வாசகர், இரத்மலானை)

உண்டு. மேலே சொன்ன 500 ரூபா கழிவு 2,000 ஆகும் பிழையை அதுவும் செய்யும், எழுதிய கட்டளை தடங்கலின்றி ஓடும், எண் மட்டும் தவறு. அதைப் பிடிக்க ஜாயின் தெரிந்த ஆள் வேண்டும். எழுதும் வேகத்துக்கு அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் நிரல்களின் பெயர்களை மட்டும் கொடுங்கள். வாடிக்கையாளர் தரவை அதில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: எந்தப் பெயரில் வேலை தேடுவது? நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? (வாசகி, கொள்ளுப்பிட்டி)

'டேட்டா அனலிஸ்ட்' என்று மட்டும் தேடினால் பாதி வேலைகள் தப்பிவிடும். கொழும்பில் எம்.ஐ.எஸ். எக்செக்கியூட்டிவ், ரிப்போர்ட்டிங் எக்செக்கியூட்டிவ், பிசினஸ் இன்டெலிஜென்ஸ், சேல்ஸ் அனலிஸ்ட், பிளானிங் எக்செக்கியூட்டிவ் என்ற பெயர்களிலும் இதே வேலை இருக்கிறது. வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, ஆடைத் தொழிற்சாலை, சுப்பர்மார்க்கட் எல்லாவற்றிலும் பாருங்கள்.

எழுத்துப் பரீட்சையில் எஸ்.கியூ.எல். பெரும்பாலும் இந்த வகையில் வரும்: இரட்டிப்பான பதிவுகளைக் கண்டுபிடிப்பது, கிளைக்கு முதல் மூன்று பொருட்கள், போன மாதத்தோடு வித்தியாசம், ஒருமுறையும் வாங்காத வாடிக்கையாளர். நிரைகளுக்கு வரிசை எண் போடும் 'ரோ நம்பர்', முந்திய நிரையின் பெறுமதியை எடுக்கும் 'லேக்' என்ற இரண்டு விண்டோ ஃபங்க்ஷனும் கைவசமாக வேண்டும். விளக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள், சிங்களத்தில் ஓரளவு பேச முடிந்தால் கிளை ஆட்களோடு வேலை சுலபமாகும்.

பிறகு ஒரு வாய்மொழிக் கேள்வி: "இந்த மாத விற்பனை போன ஆண்டு இதே மாதத்தைவிட 10 வீதம் குறைவு. என்ன செய்வீர்கள்?" உடனே காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். முதலில் எல்லாக் கிளையின் தரவும் வந்துசேர்ந்ததா என்று பார்ப்பேன் என்று சொல்லுங்கள். பிறகு பில் எண்ணிக்கை குறைந்ததா, ஒரு பில்லின் பெறுமதி குறைந்ததா என்று பிரியுங்கள். பெறுமதி என்றால் விலையா, அளவா, மலிவான பொருள் பக்கம் சாய்ந்ததா என்று இறங்குங்கள். பிறகு நாட்காட்டி. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் ஒக்டோபர் 31. வெள்ளவத்தைப் புடவைக் கடை ஒன்றின் 2024 நவம்பரை முந்திய நவம்பரோடு ஒப்பிட்டால் விழுந்ததுபோலத்தான் தெரியும். நோன்புப் பெருநாளும் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். பண்டிகைக்கு முன் நான்கு வாரம் என்று எண்ணி, அந்த நான்கு வாரத்தைப் போன ஆண்டின் நான்கு வாரத்தோடு ஒப்பிடுவேன் என்று சொல்லுங்கள். திகதி அட்டவணையில் 'பண்டிகைக்கு எத்தனை நாள்' என்று ஒரு நிரல் சேர்த்தால் பவர் பிஐயிலும் அது நடக்கும்.